தொல். திருமாவளவன்: இளமையும் அரசுப் பணிக்காலமும்

தொல். திருமாவளவன் (பிறப்பு: 17 ஆகஸ்ட் 1962) தமிழ்நாட்டு அரசியல் தலைவர்; விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தலைவர்; சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் 2009, 2019, 2024 தேர்தல்களில் வென்றவர். இன்றைய அரியலூர் மாவட்டம், செந்துறை வட்டத்தைச் சேர்ந்த அங்கனூர் அவருடைய சொந்த ஊர். வேதியியலில் இளநிலைப் பட்டமும் குற்றவியலில் முதுகலைப் பட்டமும் பெற்றவர், சட்டமும் படித்தவர். தமிழ்நாடு அரசின் தடய அறிவியல் துறையில் அறிவியல் உதவியாளராக மதுரையில் வேலை பார்த்தார். 1999இல் அந்த வேலையை விட்ட பிறகே முதன்முதலாகத் தேர்தலில் நின்றார்.

அவரைப் பற்றிய குறிப்புகளில் அரசு வேலை ஒரு வரியில் கடந்துபோகும். ஆனால் அவர் ஓர் இயக்கத்துக்குத் தலைவரானதும், அதைக் கிராமம் கிராமமாக வளர்த்ததும் அந்த வேலையில் இருந்த ஆண்டுகளில்தான். தேர்தல் அரசியலுக்கு அவர் வரும்போது 37 வயது; அதற்குள் சுமார் பத்தாண்டு இயக்க அனுபவம் சேர்ந்திருந்தது. அந்த ஒரு வரியை விரித்துப் பார்க்காமல் அவருடைய பொதுவாழ்வின் தொடக்கம் விளங்காது.

ஊர்

அங்கனூர் எந்த மாவட்டம் என்ற கேள்விக்கு, கேட்கும் ஆண்டைப் பொறுத்து விடை மாறும். திருமாவளவன் பிறந்தபோது அது திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995இல் திருச்சியைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம் உண்டாக்கினார்கள். 2001இல் அரியலூர் தனி மாவட்டமானது; மறு ஆண்டே அதை மீண்டும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பரில் அரியலூர் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமானது. ஊர் நகரவில்லை, தலைநகரம் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. திருச்சி மாவட்டத்தின் கடைக்கோடியாகக் கிடந்த பகுதி இது என்பதை இந்த மாற்றங்களே சொல்லும்.

பூமிக்கு அடியில் சுண்ணாம்புக் கல், மேலே மானாவாரி நிலம் என்பது அரியலூர் வட்டாரத்தின் பொது இயல்பு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த இடம் என்பதால் நிலத்தைத் தோண்டினால் கடலுயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கும். அந்தச் சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் பின்னாளில் சிமென்ட் ஆலைகள் வந்தன. அரசின் சிமென்ட் ஆலை அரியலூரில் இயங்கத் தொடங்கியது 1979இல். அதற்கு முன் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு மழையும் வயல் வேலையும்தான் பிழைப்பு. செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் காடுகளும் உண்டு. வடக்கே வெள்ளாறு, ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம், அன்றைய தென்னாற்காடு. பின்னாளில் திருமாவளவனின் அரசியல் வேரூன்றியது அந்த அக்கரைச் சீமையில்தான்.

ஒரே பெயருடைய கிராமம் உண்மையில் இரண்டு குடியிருப்புகளாக இருப்பது இந்த வட்டாரத்திலும் வழக்கம்: ஊர் என்று ஒன்று, சேரி அல்லது காலனி என்று இன்னொன்று. கோயில், குளம், சுடுகாடு, டீக்கடைக் குவளை என்று அன்றாடத்தின் ஒவ்வொரு பொருளிலும் அந்தப் பிரிவினை நின்றது. திருமாவளவன் பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர். சேரியில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடும்பமும் பெயரும்

தந்தை எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தாய் பெரியம்மாள் பள்ளிக்கூடம் போகாதவர். ஐந்து பிள்ளைகளில் திருமாவளவன் இரண்டாவது. தந்தையின் இயற்பெயர் இராமசாமி. பிற்காலத்தில் திருமாவளவன் அதைத் தொல்காப்பியன் என்று மாற்றினார். இன்று அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘தொல்.’ அந்த மாற்றத்திலிருந்து வந்தது. 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் அவருடைய இயக்கம் தொண்டர்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் சூட்டும் விழாக்களை நடத்தியது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் இளக்காரமாகக் கூப்பிட்ட பெயர்களைச் சுமந்தவர்களுக்குப் பெயர் மாற்றம் சிறிய செய்தியல்ல. பொதுவாகத் தந்தைதான் மகனுக்குப் பெயர் வைப்பார். இங்கே மகன் தந்தைக்குப் பெயர் வைத்தார். தொல்காப்பியன் 2010இல் காலமானார்.

திருமாவளவன் என்பது கரிகாற் சோழனுக்கு வழங்கிய பெயர். சோழர் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் இதே அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

படிப்பு

அரியலூரில் அரசு கலைக் கல்லூரி 1965இலேயே வந்துவிட்டது. திருமாவளவன் பட்டப்படிப்புக்குச் சென்றதோ சென்னைக்கு. மெரினா கடற்கரைக்கு எதிரே, 1840இல் தொடங்கிய மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்தார். சர் சி. வி. இராமனும் சுப்பிரமணியன் சந்திரசேகரும் படித்த கல்லூரி அது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் ஒருவருக்கு அந்த வளாகமும் அந்த நகரமும் எவ்வளவு தொலைவு என்பதைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது.

அரசியல் ஆர்வம் அங்கேதான் பிறந்தது. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் மீது நடந்த வன்முறை தமிழ்நாட்டு மாணவர்களை வகுப்பறையிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது. 21 வயதை நெருங்கிக்கொண்டிருந்த திருமாவளவனும் அவர்களில் ஒருவர். ஈழத் தமிழர் ஆதரவு அவருடைய அரசியலில் இன்றும் நீங்காமல் இருப்பதற்குத் தொடக்கம் இது. தலித் அரசியலுக்கு அவர் வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. தமிழ்த் தேசியம் முதலில், தலித் விடுதலை அடுத்து என்ற இந்த வரிசை முக்கியமானது. இரண்டையும் ஒன்றாகப் பிணைக்க அவர் எடுத்த முயற்சியை இந்த வரிசையை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பெயர் மாற்ற விழாக்களும் அந்த முயற்சியின் பகுதிதான்.

வேதியியலுக்குப் பிறகு குற்றவியலில் முதுகலை, பிறகு சென்னைச் சட்டக் கல்லூரி. வேதியியலும் குற்றவியலும் சந்திக்கும் இடம் தடய அறிவியல். அவர் அடுத்துப் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான்.

மதுரை ஆய்வகம்

தமிழ்நாட்டுத் தடய அறிவியலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1849இல் சென்னை மாகாணத்தில் இரசாயனப் பரிசோதகருக்கென்று ஓர் ஆய்வகம் அமைத்தார்கள். இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. நஞ்சூட்டப்பட்ட வழக்குகளில் உடலில் என்ன நஞ்சு இருந்தது என்று கண்டுசொல்வது அதன் முதன்மை வேலை. அந்த மரபிலிருந்து வளர்ந்ததே இன்றைய தடய அறிவியல் துறை; சென்னையில் தலைமை ஆய்வகமும் வெளியூர்களில் வட்டார ஆய்வகங்களும் அதற்கு உண்டு.

1988 அளவில் திருமாவளவன் மதுரையில் அந்தத் துறையில் அறிவியல் உதவியாளராக இருந்தார். அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது. சந்தேகத்துக்குரிய சாவு ஒன்று நடக்கிறது. பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர் இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகளின் பகுதிகளை எடுத்து, செறிந்த உப்புக் கரைசலில் இட்டு, புட்டியை மூடி முத்திரை வைக்கிறார். அது ஆய்வகத்துக்கு வருகிறது. காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் ‘விசரா ரிப்போர்ட்’ என்று எல்லோரும் காத்திருப்பது இந்தப் புட்டியின் முடிவுக்காகத்தான். இரத்தக் கறை படிந்த துணி, மண், தலைமுடி, வெடிமருந்துத் தூள் ஆகியவையும் இப்படியே முத்திரையோடு வந்து சேரும். முத்திரை உடையாமல் இருக்கிறதா, மகஜரில் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துப் பதிவு செய்த பிறகே பரிசோதனை தொடங்கும். அரசு அறிவியல் வல்லுநரின் அறிக்கையை, அவரைக் கூண்டில் ஏற்றாமலே சான்றாக ஏற்க அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவு இடம் கொடுத்தது. அத்தகைய அறிக்கைகளின் கடைசியில் கையெழுத்திடுவோர் அதிகாரிகள். அறிவியல் உதவியாளர் அந்தப் படிவரிசையில் கீழே இருப்பவர்.

சட்டமும் குற்றவியலும் படித்த ஒருவருக்கு இந்த வேலை வேறொன்றையும் காட்டியிருக்கும் என்று கருத இடமுண்டு. ஆய்வகத்துக்கு வராத புட்டியைப் பற்றி ஆய்வகம் ஒன்றும் சொல்ல முடியாது. முதல் தகவல் அறிக்கையே பதிவாகாத சேரிச் சாவுகள், அவசரமாக எரித்துவிட்ட உடல்கள், ‘தற்கொலை’ என்று ஒரு சொல்லில் முடித்த வழக்குகள் ஆகியவற்றுக்கு முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை. கிராமத்தில் ஒரு சாவு நடந்த அன்றே அங்கே போய் நிற்பதும், வழக்குப் பதியச் சொல்லிப் போராடுவதும் தொடக்கத்திலிருந்தே விடுதலைச் சிறுத்தைகளின் முதன்மை வேலையாக இருந்தன. தலைவரின் தொழிலுக்கும் இயக்கத்தின் வழக்கத்துக்கும் உள்ள இந்த ஒற்றுமை தற்செயல் என்று இந்தக் கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் நிறைவேறி, 1990 ஜனவரி 30 அன்று நடைமுறைக்கு வந்தது. அதாவது அவர் ஆய்வகத்தில் இருந்தபோது.

மலைச்சாமிக்குப் பின்

மதுரைக்கு வேலையாக வந்த இளைஞர், அங்கே வழக்கறிஞர் மலைச்சாமியைச் சந்தித்தார். மராட்டியத்தில் 1972இல் நாம்தேவ் தாசாள், ராஜா தாலே, ஜெ. வி. பவார் முதலிய இளம் எழுத்தாளர்கள் தொடங்கிய இயக்கம் தலித் பேந்தர்ஸ். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பிளாக் பேந்தர்ஸ் இயக்கத்தைப் பார்த்துச் சூட்டிய பெயர் அது. அதன் வழிவந்த அமைப்புக்குத் தமிழ்நாட்டில் மலைச்சாமிதான் பொறுப்பாளர், தளம் மதுரை. 1989இல் மலைச்சாமி இளம் வயதிலேயே மறைந்தார். தலைமைக்கு ஆள் தேடியவர்கள், வடக்கேயிருந்து வந்த இந்த அரசு ஊழியரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கனூரிலிருந்து வந்தவருக்கு மதுரையில் உறவும் இல்லை, ஊரும் இல்லை.

1990இல், பின்னாளில் விடுதலைச் சிறுத்தைகள் என்று அறியப்பட்ட அந்த இயக்கத்துக்குக் கொடி ஒன்றைத் திருமாவளவன் வடிவமைத்தார்: மேலே நீலம், கீழே சிவப்பு, நடுவில் வெள்ளை விண்மீன். அது அம்பேத்கர் நூற்றாண்டு தொடங்கிய காலம். தமிழ்நாட்டுச் சேரிகளில் அம்பேத்கர் படங்களும் சிலைகளும் மன்றங்களும் பெருகிய அந்த ஆண்டுகளில்தான் கொடிக்கம்பமும் ஊன்றப்பட்டது. கொடியேற்றிய ஊர்களில் பல மோதல்களைச் சந்தித்தன. கம்பத்தை வெட்டுவார்கள், மறுநாள் மீண்டும் நடுவார்கள். சேரியின் முகப்பில் ஒரு கம்பம் நிற்பது ஏன் இவ்வளவு பெரிய தகராறாக வேண்டும் என்பது வெளியூர்க்காரருக்குப் புரியாது. பொது இடம் யாருக்கு என்ற பழைய வழக்கின் புதிய விசாரணை அது.

வட மாவட்டங்களின் சூழல் இன்னொரு பக்கம் சூடேறியிருந்தது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் செய்தது. அந்த நாட்களில் தென்னாற்காடு மாவட்டத்தில் பல சேரிகள் எரிந்தன. 1989இல் பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. மதுரையைச் சுற்றித் தொடங்கிய சிறுத்தைகள் இயக்கம் 1990களில் வடக்கே கடலூர், விழுப்புரம் பக்கம் பரவியபோது, திருமாவளவன் ஒருவகையில் தன் சொந்தச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

இந்த ஆண்டுகளில் இயக்கம் தேர்தலைப் புறக்கணித்தது. ‘அடங்க மறு’ என்று தொடங்கும் முழக்கம் சுவர்களில் ஏறியது. 1997 ஜூன் 30 அன்று மேலூருக்குப் பக்கத்தில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலித் ஒருவர் தலைவரானதுதான் காரணம். மதுரை மண்ணில் நடந்த இந்தக் கொலைக்கு நீதி கேட்ட போராட்டங்களில் விடுதலைச் சிறுத்தைகள் முன்னணியில் நின்றார்கள். அப்போதும் அவர்களுடைய தலைவர் வேலையை விடாத அரசு ஊழியர்தான்.

வேலையை விட்ட ஆண்டு

தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973, அரசு ஊழியர் அரசியல் கட்சியில் இருப்பதையோ தேர்தல் வேலையில் இறங்குவதையோ அனுமதிப்பதில்லை. தேர்தலைப் புறக்கணிக்கும் சமூக இயக்கத்துக்குத் தலைவராக இருக்கும் வரை இந்த விதியோடு ஒருவர் ஏதோ ஒருவகையில் காலந்தள்ளலாம். வேட்பாளராக முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 102ஆம் கூறும் குறுக்கே நிற்கிறது: அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராகத் தகுதியில்லை.

இந்த விதி இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. ஆஸ்திரேலிய அரசமைப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. அங்கே பில் கிளியரி என்ற பள்ளி ஆசிரியர் 1992 ஏப்ரலில் மெல்போர்னின் வில்ஸ் தொகுதி இடைத்தேர்தலில் சுயேச்சையாக வென்றார். அவர் விக்டோரியா மாநில அரசின் ஊழியர். சம்பளமில்லாத விடுப்பில் இருந்தார். விடுப்பில் இருந்தாலும் பதவி பதவிதான் என்று சொல்லி அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1992 நவம்பரில் தேர்தல் செல்லாது என்றது. அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலில் அவர் மீண்டும் நின்று வென்றார். தொழிலாளியாக, ஆசிரியராக, குமாஸ்தாவாக மாதச் சம்பளத்தில் இருப்பவருக்குத் தேர்தல் என்பது முதலில் வருமானத்தை இழப்பது. நிலமும் கடையும் உள்ள வேட்பாளருக்கு அந்தக் கணக்கு இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தந்தையின் மகனுக்குக் கிடைத்த அரசு வேலை எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதை அறிந்தவர்களுக்கு, 1999இல் திருமாவளவன் எழுதிக் கொடுத்த விலகல் கடிதத்தின் கனம் தெரியும்.

அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ் மாநில காங்கிரஸ் தலைவர் ஜி. கே. மூப்பனார் மூன்றாவது அணி அமைத்தார். மூப்பனாரின் அழைப்பை ஏற்று விடுதலைச் சிறுத்தைகள் புறக்கணிப்பைக் கைவிட்டு, சிதம்பரம், பெரம்பலூர் ஆகிய இரண்டு தனித்தொகுதிகளில் போட்டியிட்டார்கள். சிதம்பரத்தில் நின்ற திருமாவளவன் சுமார் 2.25 லட்சம் வாக்குகள் பெற்றுத் தோற்றார்; பாட்டாளி மக்கள் கட்சியின் இ. பொன்னுசாமி வென்றார். வாக்குப்பதிவை ஒட்டிச் சிதம்பரம் வட்டாரத்துச் சேரிகள் கடும் வன்முறைக்கு உள்ளாயின. முதல் தேர்தலிலேயே இத்தனை வாக்கு வந்தது பெரிய கட்சிகளைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 2001இல் திமுக அணியில், வெள்ளாற்றுக்கு வடக்கே உள்ள மங்களூர் தொகுதியில் வென்று சட்டமன்றம் சென்றார். 2004இல் அந்தப் பதவியை விட்டு விலகினார்.

எழுத்து வேலையும் இந்தக் காலத்தில் தொடங்கியது. இந்தியா டுடே தமிழ்ப் பதிப்பில் அவர் எழுதிய கட்டுரைகளை மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் ‘தாலிஸ்மன்’ என்ற நூலாக மொழிபெயர்த்தார். சமூகவியலாளர் ஹியூகோ கோரிஞ்ச் இந்த இயக்கத்தைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதியிருக்கிறார். தெருவில் நின்ற சிறுத்தைகள் நாடாளுமன்றத்துக்குள் போனபோது என்ன ஆனார்கள் என்பது இரண்டாவதன் பொருள்.

ஆய்வு மாணவர்

விட்ட துறையை அவர் முழுதாக விட்டுவிடவில்லை. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்து, 2018இல் வாய்மொழித் தேர்வை முடித்தார். பொருள்: 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் கூட்டமாக இஸ்லாத்துக்கு மாறிய நிகழ்வு. அதைக் குற்றம் செய்தவரின் பக்கமிருந்து பார்க்காமல், பாதிக்கப்பட்டவரை மையமாக வைத்துப் பார்க்கும் பாதிக்கப்பட்டோரியல் நோக்கில் ஆராய்ந்தார். அப்போது அவருக்கு வயது 56ஐ நெருங்கியிருந்தது.

தொகுதி வரைபடம்

பெரம்பலூர் சீமையிலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் கிளம்பிய இன்னொருவர் ஆ. இராசா. 1963 மே மாதம் பிறந்தவர், பெரம்பலூருக்குப் பக்கத்து வேலூர்க்காரர், தொழிலால் வழக்கறிஞர். திமுகவில் வளர்ந்து 1996இல் பெரம்பலூர் தனித்தொகுதியின் மக்களவை உறுப்பினரானார். 1999இல் அங்கேயே மீண்டும் வென்று ஒன்றிய இணை அமைச்சரானார். ஒருவருக்குப் பெரிய கட்சியின் ஏணி இருந்தது; மற்றவர் தானே ஏணி செய்ய வேண்டியிருந்தது. இருவரும் தலித் சமூகத்தவர், இருவரும் சட்டம் படித்தவர்கள், ஒன்பது மாத இடைவெளியில் பிறந்தவர்கள்.

2008இன் தொகுதி மறுவரையறை இருவரையும் பாதித்தது. பெரம்பலூர் பொதுத்தொகுதியானதால் இராசா நீலகிரிக்குப் போனார். சிதம்பரம் தனித்தொகுதியாகவே நீடித்தது. ஆனால் வெள்ளாற்றைத் தாண்டித் தெற்கே விரிந்து, அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் ஆகிய சட்டமன்றத் தொகுதிகளைச் சேர்த்துக்கொண்டது. 1999இல் திருமாவளவன் சிதம்பரத்தில் நின்றபோது அங்கனூர் பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் இருந்தது. ஊர்க்காரர்கள் அவருக்கு வாக்களிக்க வழியில்லை. 2009இல் குன்னம் வழியாக அங்கனூர் சிதம்பரத்துக்குள் வந்தது. அந்தத் தேர்தலில் அவர் 99,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் பொன்னுசாமியை வென்றார். 2014இல் தோற்று, 2019இல் 3,219 வாக்கு வித்தியாசத்தில் வென்று, 2024இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். தேர்தல் நாளில் அங்கனூருக்கு வந்து வரிசையில் நின்று வாக்களிப்பது அவர் வழக்கம்.